இரு கரைக்கு ஒரு வண்டி

ஓய்வு பெற்று ஊர் திரும்பும் தில்லித் தமிழர்களுக்கென்று ஒரு வழி இருந்தது. சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ சென்னை வருவார்கள். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது திருச்சி. என் சித்தப்பா தலைமுறை அப்படித்தான் வந்து சேர்ந்தது. இப்போது விமானம் இருக்கிறது. காலையில் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்துவிடலாம். நாங்கள் வேனில் வந்தோம்.

யோசனை என் மனைவியுடையது. தில்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவள். வேனும் அவள் பணத்தில் வாங்கியதுதான். முனிர்காவில் ஒரு தச்சர் அதன் பின்பக்கம் பலகைக் கட்டில் போட்டு, கீழே இரண்டு இழுப்பறை வைத்துக் கொடுத்தார். ஒன்றில் துணிமணி, மற்றதில் சின்ன கேஸ் அடுப்பு, குக்கர், காபி ஃபில்டர். டொரொண்டோவில் இருக்கும் எங்கள் உறவுக்காரத் தம்பதி இதுபோன்ற வண்டியில்தான் வான்கூவரிலிருந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். கனடாவைக் குறுக்கே கடக்கும் அந்த நெடுஞ்சாலை ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அங்கே வழியெல்லாம் முகாம்கள் உண்டு, மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கும். இங்கே என்ன செய்வது என்று பிள்ளைகள் பயந்தார்கள். "இத்தனை வருஷமா ரயில் ஜன்னல்ல பார்த்த ஊரையெல்லாம் ஒரு தடவையாவது இறங்கிப் பார்க்கணும்" என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் பேச்சில்லை.

எங்கே இரவு தங்குவது என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாமக்கல் லாரிக்காரர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் எந்த மாநிலத்தில் போனாலும் டி.என். 28 என்ற எண்ணைப் பார்க்கலாம். சாகருக்குப் பக்கத்தில் ஒரு தாபா வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து ஸ்டவ்வை எடுத்துக் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். இவள் ஸ்டீரிங்கை விட்டு இறங்கியதைப் பார்த்து, "அம்மாவே ஓட்டீட்டு வர்றீங்களா?" என்று எழுந்துகொண்டார். அப்புறம் என்னிடம், "பங்க்குல நிறுத்துங்க ஐயா. லைட்டு இருக்கும், பாத்ரூம் இருக்கும், வாட்ச்மேன் இருப்பான். ரோட்டோரமா மட்டும் தூங்கிறாதீங்க" என்றார். கடைசிவரை அந்தச் சொல்லை நாங்கள் மீறவில்லை.

வடக்கே பார்த்தவற்றில் மனத்தில் தங்கியவை ஆறுகள். ஆக்ராவில் யமுனை, தோல்பூர் தாண்டிச் சம்பல், பிறகு நர்மதை, நிர்மல் அருகே கோதாவரி, கிருஷ்ணா, கர்னூலில் துங்கபத்திரை. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் அவள் வேகத்தைக் குறைத்துவிடுவாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் கவலையில்லை. சியோனிக்கும் நாக்பூருக்கும் நடுவில் பெஞ்ச் காட்டில் நெடுஞ்சாலையைத் தூண்கள்மேல் தூக்கி, புலியும் மானும் அடியில் கடந்து போக வழிவிட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். அதன்மேல் ஓட்டிப் போனபோது எங்களுக்குக் கீழே காடு தன் பாட்டுக்கு இருந்தது.

பெங்களூரு வந்ததும் நேரே ஓசூர், சேலம் என்று இறங்கியிருந்தால் சீக்கிரம் ஊர் வந்திருக்கும். நான்தான் மேல்கோட்டைக்குப் போகவேண்டும் என்றேன். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு மேல்கோட்டை வெறும் கர்நாடக ஊர் இல்லை. சோழ மன்னனுக்கு அஞ்சி ராமானுஜர் ஸ்ரீரங்கத்தை விட்டுப் போனபோது தங்கிய ஊர். 1323-இல் தில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளும் இங்கே வந்து இருந்திருக்கிறார். பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடி, மதுரை ஆனைமலை அருகே ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். அதன்பின் பெருமாள் மற்றவர்கள் கையில் அழகர்கோயில், கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராக இருந்தார். திருமலையில் அவர் இருந்த இடத்துக்கு இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றுதான் பெயர். விஜயநகரத்தாரின் செஞ்சித் தலைவன் கோபணாரியன் 1371-இல் அவரைத் திரும்ப அழைத்துவந்தான். நாற்பத்தெட்டு வருஷம். அவர் முகத்தைப் பார்த்திருந்தவர்கள் ஊரில் அநேகமாக இல்லை. இவர்தானா அவர் என்று சந்தேகம் எழுந்தபோது, கண் தெரியாத ஒரு கிழட்டு வண்ணார், திருமஞ்சனத்தில் நனைந்த துணியைப் பிழிந்த நீரை வாயில் விட்டுப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றாராம். பட்டரும் அரசனும் சொல்லமுடியாததை அவர் நாக்கு சொன்னது. சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. மேல்கோட்டையில் வைரமுடி உற்சவத்துக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த தெருவில் நின்றபடி அதை மறுபடி சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "தாயார் எங்கே இருந்தாங்க அத்தனை வருஷம்?" என்றாள். தாயார் மூர்த்தத்தை வில்வ மரத்தடியில் புதைத்துவைத்தார்கள் என்று கேட்டிருக்கிறேன், அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து காவிரியை விடவில்லை. மூன்று தீவுகளில் மூன்று ரங்கர்: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒருவர், சிவசமுத்திரத்தில் ஒருவர், எங்கள் ஊரில் ஒருவர். கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை, பாலாறு வழியாக மேட்டூருக்கு இறங்கும் காட்டுச் சாலையில் பகலிலேயே போய்விட்டோம். கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடியில் அணைநீர் நன்றாக இறங்கியிருந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபோது முழுகிப்போன ஊர்களின் கோயில் நந்தி, மாதா கோயில் கோபுரம் எல்லாம் நீர் வற்றினால் வெளியே தெரியும். கோபுரம் நீருக்குமேல் நின்றது, காறை உதிர்ந்து, செங்கல் தெரிய. பரிசல்காரர் ஒருவர், தன் தாத்தா பிறந்த வீடு அதற்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது என்றார். கையால் ஒரு திசையைக் காட்டினார், தண்ணீரைத்தான்.

பவானி, மோகனூர், தொட்டியம். வாழைத்தோட்டங்கள் வந்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டது. முசிறியில் கோரைப்பாய் இரண்டு வாங்கினோம். இந்த முசிறியில்தான் சாலை பிரிகிறது. வடகரையிலேயே நேராகப் போனால் குணசீலம், நொச்சியம், நம்பர் ஒன் டோல்கேட், அப்புறம் கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கம். வலதுபக்கம் பாலம் ஏறினால் குளித்தலை. அங்கிருந்து தென்கரையோடு பெட்டவாய்த்தலை, ஜீயபுரம், குடமுருட்டிப் பாலம், உறையூர். நான் பிறந்தது ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெரு. அவள் உறையூர். நடுவில் காவிரி.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு லீவிலும் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் ஸ்ரீரங்கம். உறையூருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, காலையில் போய் மாலையில் திரும்பல். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் அதுதான் முறை என்று இருந்தார்கள். முசிறியில் அவள் வண்டி ஓட்டினாள். என்னைக் கேட்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு வலதுபக்கம் திரும்பிப் பாலத்தில் ஏறினாள். பங்குனி மாதத்துக் காவிரி, அகலமெல்லாம் மணல், ஓரத்தில் கணுக்கால் அளவு நீரோட்டம். பாலம் முடியும்வரை நாங்கள் பேசவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் அவள் ஊருக்கு வந்தாள் என்றும், அவள் வீட்டுக்கு வரவில்லை என்றும் எனக்கு அப்போது விளங்கிற்று. இருவரும் ஒரே ரயிலில் வந்தோம், ஒருவர்தான் வீடு வந்து சேர்ந்தார்.

உறையூரில் என் மாமியார் வேனைச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறக்கச் சொல்லி, பலகையைத் தட்டிப் பார்த்து, மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி, "இதுலயா படுத்து வந்தே?" என்றார். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கவே இல்லை. காபி அங்கேயே போயிற்று. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, மகள் தில்லியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு நாள் அங்கே தங்கிவிட்டுத்தான் பாலம் தாண்டினோம்.

நாங்கள் அங்கே இருக்கும்போதே பங்குனி உற்சவத்தின் ஆறாம் நாள் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் பல்லக்கில் காவிரியைக் கடந்து, சோழன் மகளான கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்து இருக்க உறையூர் வரும் நாள். நான் அதுவரை இந்த உற்சவத்தை எங்கள் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன்: பெருமாள் புறப்பட்டுப் போவார், நள்ளிரவை ஒட்டித் திரும்புவார். உறையூர்ப் பக்கம் அதே நாள் வேறு மாதிரி. வாசலெல்லாம் கோலம், மாவிலைத் தோரணம், மாப்பிள்ளை வருகிறார் என்ற பரபரப்பு. போகிற நாளாக நான் அறிந்திருந்தது இவர்களுக்கு வருகிற நாள்.

ஒன்பதாம் நாள் உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் மட்டையடி. உறையூர் போய்வந்த பெருமாளைத் தாயார் உள்ளே விடமாட்டார். கையில் மோதிரத்தைக் காணோம், எங்கே போனீர் என்று கேள்வி. கதவு சாத்தப்படும், பூவும் பழமும் வந்து விழும். பெருமாள் சமாதானம் சொல்வார், எடுபடாது. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமரசம் பேசித்தான் கதவு திறக்கும். பிறகு இருவரும் சேர்ந்து காட்சி தருவார்கள். அந்தச் சேர்த்தியின் முன்னால்தான் ராமானுஜர் கத்யத்ரயம் சொன்னதாக நம்பிக்கை. கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றவளுக்கு ஊர் உறையூர், வீடு ஸ்ரீரங்கம். கதவு சாத்தியபோது ஸ்ரீரங்கத்துப் பெண்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். கதவுக்கு வெளியே நிற்கிறவர் பக்கமும் பேச அவளுக்கு நியாயம் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த நியாயத்தைத் தெற்கு வாசல்வரை பேசிக்கொண்டே வந்தாள். ராஜகோபுரத்தடியில் நின்றோம். 1985-இல் நான் தில்லிக்குப் புறப்பட்டபோது அது கட்டி முடியவில்லை, 1987-இல்தான் கும்பாபிஷேகம்.

இப்போது அடையவளஞ்சான் தெருவில் பாதி மாதம், உறையூரில் பாதி மாதம். தில்லி எண்ணை மாற்றவேண்டி வந்தது. ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. என்றால் டி.என். 48, உறையூர் முகவரி கொடுத்தால் டி.என். 45. தில்லியிலிருந்து தடையின்மைச் சான்று வந்ததும் படிவத்தை அவளிடம் கொடுத்தேன். உரிமையாளர் பெயர் அவளுடையது. முகவரியில் அம்மா வீட்டை எழுதினாள். வேன் இப்போது டி.என். 45. ஆடிக்குள் அதிலேயே பூம்புகார் வரை போய்வரலாம் என்கிறாள்.