எம் புக்கில் இல்லாத மணி

கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், கேரளம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். டீக்கடைப் பேச்சு முழுக்கத் தமிழ். அங்கே ஓர் அரசுக் கட்டட வேலை. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரும் சித்தாளும் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள். கம்பி கட்டுகிறவர்கள் வங்காளிகள்.

திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதிய பலகை வாசலிலேயே இருந்தது. கூலியும் வேலை நேரமும் எழுதிய அறிவிப்பு கண்ணில் படவில்லை. "அதெல்லாம் மேஸ்திரி நோட்டுல இருக்குதுங்க" என்றார் ஒரு சித்தாள்.

கூடுதல் நேரம் பெரும்பாலும் சிலாப் போடும் அன்றுதான் வருகிறது. பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் பின்னால் ஒழுகும். கடைசிச் சட்டி கொட்டும்வரை யாரும் இறங்க முடியாது. போன முறை காலை 8 மணிக்குத் தொடங்கியது இரவு 9 ஆகிவிட்டதாம். கையில் வந்தது 200 ரூபாயும் புரோட்டாவும்.

எட்டு மணி நேரத்துக்குக் கூலி 800 என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு நேரம் போக 4 மணி நேரம் கூடுதல். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டிப்புக் கூலி என்றது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அதையே சொல்கின்றன. அப்படியானால் இன்னொரு முழு நாள் கூலி, 800 ரூபாய்.

மேஸ்திரியை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் எடுத்திருப்பது சதுர அடிக் கணக்கு. அவர் நோட்டில் ஆளுக்கு ஒரு நாள், அரை நாள் என்றுதான் கோடு. ஒப்பந்தக்காரர் தராவிட்டால் வேலை கொடுத்த துறையே தர வேண்டும் என்பது 1970இலிருந்தே சட்டம். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத்தில் 9.25 ரூபாய் தினக்கூலியில் ஆள் சேர்த்துத் தந்த ஜமேதார்கள் ஒரு ரூபாய் பிடித்துக்கொண்ட வழக்கில், அரசு கைகழுவ முடியாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றும் சொன்னது. இங்கே நான் பேசியவர்கள் யாருக்கும் தங்கள் கூலிக்கு அரசும் பொறுப்பு என்பது தெரியவில்லை.

துறைப் பொறியாளர் வருவாரா என்று கேட்டேன். "சிலாப்புக்கு முன்னாடி கம்பி பாக்க வருவாருங்க." வருவார், கம்பி எத்தனை கிலோ, கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏறும், அதை வைத்துத்தான் பில். அதில் ஆட்கள் நின்ற மணிக்குப் பத்தி கிடையாது.