கேமரா மாட்டுபவனின் தாழ்ப்பாள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கடலோரக் குடோன்களுக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் கேமரா மாட்டுவது என் தொழில். உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடிக்கும்; மழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். 2015-இல் வந்தது வேறு மாதிரிக் கோளாறு.

"அண்ணே, நேத்து வரைக்கும் தெரிஞ்சுது. இப்ப பிளகின் போடச் சொல்லுது, போட்டாலும் படம் வரல" என்றார் திருவொற்றியூர் குடோன் சூப்பர்வைசர். போய்ப் பார்த்தேன். வயர் சரி. டிவிஆரோடு இணைத்த மானிட்டரில் பதினாறு கட்டமும் ஓடுகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இருட்டு. அந்தச் செப்டம்பரில் வந்த குரோம் பிரவுசரின் 45-ஆம் பதிப்பு, பழைய வகை பிளகின்களை அடியோடு நிறுத்தியிருந்தது.

டிவிஆர் ஆர்டிஎஸ்பி என்ற முறையில் அனுப்பும் வீடியோ பிரவுசருக்குப் புரியாது. அதைப் புரியவைக்கத்தான் பிளகின். ஆனால் அப்படி உள்ளே வரும் பிளகின், கம்ப்யூட்டரில் நாம் தொடும் எல்லாவற்றையும் தானும் தொடலாம். அதில் ஒரு ஓட்டை இருந்தால் போதும்.

அன்று நான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, செக்யூரிட்டியைக் கடைசிவரை இறக்கி, கையொப்பமில்லாத ஆக்டிவ்எக்ஸ் பிளகினையும் அனுமதித்தேன். படம் வந்தது. சூப்பர்வைசர் டீ வாங்கித் தந்தார். அதே கம்ப்யூட்டரில்தான் பில்லிங்கும் பேங்க் கணக்கும். திருடனைப் பிடிக்கக் கேமரா மாட்டிவிட்டு, வாசல் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

அடோபியின் ஃபிளாஷும் வீடியோ ஓட்டும் ஒரு பிளகின்தான். ஐபோனில் அது ஏன் இல்லை என்று 2010 ஏப்ரலிலேயே ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதியபோது பாதுகாப்பு, பேட்டரி, தொடுதிரை மூன்றையும் சொன்னார். எனக்கு அது பெரிய கம்பெனிகளின் சண்டையாகத்தான் தெரிந்தது. 2011-இல் அடோபி மொபைல் ஃபிளாஷைக் கைவிட்டது. 2020 முடிவில் கம்ப்யூட்டரிலும் நிறுத்தியது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரரும் ஓய்ந்தது. பிளகின் இல்லாவிட்டால் ஆரம்ப காலத்தில் பிரவுசரில் வீடியோ பெரும்பாலும் ஓடியிருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் அதை நிறுத்தியது சரிதான்.

இப்போது பிளகின் இருந்த இடத்தில் ஆப் உட்கார்ந்திருக்கிறது. ஒரே முதலாளியின் போனில் மூன்று யார்டுக்கு மூன்று ஆப். அதனால் 2008-இல் ஆக்சிஸ், போஷ், சோனி சேர்ந்து தொடங்கிய ஆன்விஃப் பொதுமுறைக்கு ஒத்துவரும் கேமராவைத்தான் எடுக்கிறேன். ரெக்கார்டரை விற்கும் முன், எதையும் இன்ஸ்டால் செய்யாமல் என் போன் பிரவுசரிலேயே திறந்து பார்க்கிறேன். படம் வந்தால்தான் கொட்டேஷன்.

அந்தத் திருவொற்றியூர் குடோனுக்கும் திரும்பப் போனேன். ரெக்கார்டரை மாற்றி, செக்யூரிட்டியைப் பழைய அளவுக்கு ஏற்றிவைத்தேன். அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை.