சிவந்த புண்ணின் வறட்சி

பெருங்குடல் புண் அழற்சி மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்து, பின் குருதியும் சளியுமாய்ச் சீறி எழும் நோய். நாணத்தால் வெளியே சொல்லவும் இயலாது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய நற்செய்திப் பெண் கூட்டத்தின் பின்புறமாய் வந்ததற்கும் இந்நாணமே காரணமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இந்நோயை ஆராய்வோர் சுண்டெலியை நாடுகின்றனர். டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்னும் வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து சில நாள் கொடுத்தால் சுண்டெலியின் பெருங்குடல் புண்ணாகிறது என்று 1990-இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். கழிச்சலால் எலி மெலிகிறது. கழிவில் குருதி தோன்றுகிறது. குடலின் நீளமே குறைந்துபோகிறது. குருதியோட்டத்தை அறிய, மயக்கமருந்து கொடுத்துக் குடற்சுவரின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவது ஒரு முறை. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைவெண் சிறிதே மாறும், அம்மாற்றமே அளவுகோல்.

புண்ணுற்ற குடல் செக்கச் சிவந்திருப்பதால், அங்கே குருதிக்குக் குறைவில்லை என்றே எவரும் எண்ணுவர். அழற்சி மூளும்போது நாளங்கள் விரிந்து குருதி மிகுதியாய்ப் பாய்வதும் உண்மையே. ஆயினும், வேறொரு வேதிப்பொருளால் புண்ணாக்கப்பட்ட சுண்டெலிக் குடலின் உட்படலம் உயிர்க்காற்றின்றித் தவிப்பதை 2004-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. நெடுநாள் நோயுற்ற மனிதக் குடலிலோ, நுண்நாளங்கள் விரிய வேண்டியபோதும் சரிவர விரிவதில்லை என 2003-இல் கண்டனர். நாளங்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு அங்கே போதாமற் போனதே காரணம். வீதியெல்லாம் வெள்ளம் ஓடியும் வீட்டுக் குடம் நிறையாத நிலை! புண் ஆற மறுப்பதற்கு இது ஒரு விடை. முழுவிடை என்று நாம் கொள்ளவில்லை.

எலியை மறக்கவும் இயலவில்லை. மனித உயிரைப் பேணவும் காக்கவும் உதவும் விலங்காய்வை நியாயமான எல்லைக்குள் ஏற்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்கைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிசும் தம் ‘லௌதாத்தோ சி’ மடலில் இதனை நினைவூட்டினார். அந்த எல்லை எங்கே? மாற்று வழி இருப்பின் விலங்கை விடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைத் தணிப்பது என 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் வகுத்த நெறி நமக்கு ஏற்புடையதாகவே படுகிறது. ஆனால் அது ஆய்வாளருக்கு உரியது; மருந்தை உண்பவர் என்ன செய்வது?

நம் இல்லத்திலும் இந்நோயாளி ஒருவர் உண்டு. குடலை அளந்து பார்க்க இறுதியில் எலியைக் கொன்றுவிடுவதை அவரிடம் சொன்னோம். மாத்திரையைக் கையில் வைத்தபடியே, “அதற்கு வலிக்காமல் பார்த்துக்கொள்கிறார்களா?” என்று கேட்டார்.