சங்கு ஊதாத ஆலைகள்

கோவையிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே செல்லும் பேருந்தில் ஏறினால், சிங்காநல்லூருக்கு அப்பால் ஒண்டிப்புதூர் வரும். அங்கேதான் கம்போடியா மில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு மண்ணுக்கு வந்து சேர்ந்த நீண்ட இழைப் பருத்தியின் பெயரையே தன் பெயராகச் சூடிய ஆலை அது. அதன் சங்கொலி இன்று கேட்பதில்லை.

பாழடைந்த கட்டடங்களுக்குள் நுழைந்து படமெடுக்கும் ஆர்வம் இப்போது உலகெங்கும் பரவியுள்ளது. நம் பிள்ளைகளின் கைபேசியிலும் அத்தகைய படங்களைத் தாங்கள் கண்டிருக்கலாம். கோவையில் அந்த ஆர்வத்தின் கண் முதலில் படுவது ஆலைகள் மீதே. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில், பங்கஜா மில், முருகன் மில், ரங்கவிலாஸ் மில், கம்போடியா மில் ஆகிய ஐந்தும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் உள்ளவை. நலிந்த ஆலைகளை அரசுடைமையாக்கும் சட்டம் 1974இல் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு இயந்திரங்கள் நின்றன. பின்னர் சில இடங்களில் சிறிது காலம் ஓடியும் நிலைக்கவில்லை. ஊதியம் கேட்டும், ஆலையைத் திறக்கக் கோரியும் தொழிலாளர்கள் வாயிலில் போராடினர்.

ஆகவே இவற்றைக் 'கைவிடப்பட்ட கட்டடங்கள்' என்று சொல்ல என் நாவு கூசுகிறது. பூட்டுக்கு உரியவர் உண்டு. உள்ளே உழைத்தவர்களும் இந்நகரிலேயே உண்டு. அனுமதியின்றி மதிலேறிக் குதிப்பது அத்துமீறலே.

பழைய நூற்பாலையின் உட்புறம் படமெடுப்போரை ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. பல ஆலைகளின் கூரை இரம்பப் பற்களைப் போன்று வரிசையாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு பல்லின் வடபுறத்திலும் கண்ணாடி பதித்திருப்பர். வடக்கிலிருந்து வரும் ஒளியில் நேர்வெயில் குறைவு. ஆதலால் இழை அறுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுபடும் என்பதால் பக்கச் சன்னல்களைக் குறைத்தே வைப்பர். தொழிலுக்காகச் செய்த இந்த ஏற்பாடே, இன்று படத்தில் நிழலற்ற, மென்மையான ஓர் ஒளியைத் தருகிறது. கண்ணாடியில் தூசு படிந்து இருள் சூழ்ந்த கூடமாயின், கேமராவை முக்காலியில் நிறுத்திப் பல வினாடிகள் திறந்து வைக்க வேண்டும்.

அங்கேதான் ஒரு விந்தை நிகழ்கிறது. நீண்ட நேரம் திறந்திருக்கும் கேமராவுக்கு, நடமாடும் மனிதன் தெரிவதில்லை! 1838இல் டாகேர் என்பவர் பாரிஸ் வீதியொன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த அவ்வீதி வெறிச்சோடியதாகவே பதிவாயிற்று. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றிருந்த ஒருவரின் உருவம்தான் தெளிவாகத் தங்கியது.

நம் ஆலைப் படங்களிலும் இதுவே நேர்கிறது எனலாம். புளோ ரூமில் பஞ்சுத் தூசைச் சுவாசித்தவரும், ரீலிங்கில் நின்று கால் வீங்கிய பெண்ணும் அப்படங்களில் இல்லை. ரங்கவிலாஸ் மில்லின் தொழிலாளர் நால்வர், சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அறியப்படுவோர், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். துருப்பிடித்த கதிர்களை எத்தனை அழகாகப் படமெடுத்தாலும் அதில் அவர்களைக் காண இயலுமா?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலும் இத்தகைய மனக்குறை எழுந்தது. அங்கே 1988இல் மூடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை உலகெங்கும் இருந்து வந்து படமெடுத்தனர். எங்கள் துயரம் உங்களுக்குக் காட்சிப்பொருளா என்று அவ்வூரார் வருந்தினர். 2018இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கிச் செப்பனிட்டு, 2024இல் திறந்தது. பழைய படங்கள் செப்பனிடுவோருக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; எந்தத் தூண் எங்கே நின்றது என்பதற்கு அவையே சாட்சி. ஆதலால் படமெடுக்க வேண்டாம் என்பது என் கருத்தன்று.

உருவப்படம் குறித்து நம் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிரினம் இல்லாத சுவரையும் இயந்திரத்தையும் எடுப்பதில் பிணக்கில்லை. மனிதரைப் படமெடுக்கத் தயங்குவோர் அவர்களின் குரலைப் பதியலாமே! உக்கடத்திலோ கோட்டைமேட்டிலோ, பஞ்சாலையில் உழைத்த பெரியவர் ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். முறையான அனுமதி கிடைத்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் பள்ளம், எந்தக் கல்நார் ஓடு விழும் நிலையில் உள்ளது என்பதை அவரே அறிவார். கார்டிங் எது, சிம்ப்ளக்ஸ் எது என்று அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதி வையுங்கள்.

அனுமதி கிடைக்கவில்லையெனில் வாயிலோடு திரும்புங்கள். புலியகுளம் பக்கம் சென்றால் பங்கஜா மில் சாலை இருக்கிறது. ஆலை ஓடாவிட்டாலும் அச்சாலையின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் மக்கள் வழி கேட்கிறார்கள்.