பட்டாணியில் பாதி

"பிள்ளைகளே, பட்டாணியில் பாதி அளவு போதும். அதற்கு மேல் கேட்காதீர்கள்" என்று சிஸ்டர் சொன்னபோது வகுப்பே முணுமுணுத்தது. அவ்வளவு சிறிய துண்டில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்றுதான் நானும் எண்ணினேன்.

சிஸ்டர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் நறுக்கினார்கள். வெட்டிய இடம் வெள்ளியாய் மின்னி, நாங்கள் பார்க்கும்போதே மங்கிற்று. பினாப்தலீன் கலந்த நீரில் இட்டதும் அத்துண்டு உருகி, முத்துப்போல் உருண்டு, 'உஸ்' என்று மிதந்தோடிற்று. சோடியம் நீரைவிட லேசானது. 98 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். ஓடிய வழியெல்லாம் ரோஜா நிறம்! ஹைட்ரஜன் வெளியேற, நீர் காரமாகிவிட்டது என்பதற்கு அந்நிறமே சாட்சி.

மணி அடித்தது. "துணுக்குகள் ஒட்டிய வடிதாளை ஆல்கஹால் உள்ள முகவையில் போடு. அதில் சோடியம் மெதுவாகக் கரைந்துவிடும்" என்று சிஸ்டர் என்னிடம் கூறினார்கள். சாப்பாட்டு அவசரத்தில் நான் அதைக் கைகழுவும் தொட்டியில் எறிந்துவிட்டுத் திரும்பினேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. 'பட்' என்ற ஓசையுடன் தாள் தீப்பற்றியது. அருகில் குனிந்து நின்ற என் தோழியின் சடை ரிப்பன் கருகிற்று. சிஸ்டர் பாய்ந்து வந்து அவளை இழுத்துவிட்டு, வாளியிலிருந்த உலர்ந்த மணலை அள்ளிக் கொட்டினார்கள். இறைவன் அருளால் அவளுக்குக் காயமில்லை.

"யார் போட்டது?"

நான் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் பார்த்திருந்த சிஸ்டர், "நான் நின்று கவனித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்று சொல்லிவிட்டு மதரிடம் சென்றார்கள்.

அன்று மாலை சிற்றாலயத்தில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. மறுநாள் காலை சிஸ்டரிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. 1807-இல் சோடியத்தை முதன்முதல் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவியின் கதையைச் சொன்னார்கள். 1812-இல் நைட்ரஜன் டிரைகுளோரைடு வெடித்து அவர் கண்ணில் காயம் பட்டதாம். அப்போது குறிப்பெழுத அவர் அமர்த்திய புத்தகம் கட்டும் இளைஞர்தாம் பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே! டேவி தம் விபத்தை மறைக்கவில்லை. குண்டூசித் தலைக்கு மேற்பட்ட துளியைச் சோதிப்பது ஆபத்து, அதைவிடச் சற்றே பெரியதால் தாம் காயமுற்றதாக அவரே எழுதினார்.

"அவர் வெட்கப்பட்டு மறைத்திருந்தால் எத்தனை பேர் கண்ணை இழந்திருப்பார்களோ!" என்றார்கள் சிஸ்டர்.

அன்றே வகுப்பின் முன் நின்று நடந்ததைச் சொன்னேன். தோழி என் கையைப் பற்றிக்கொண்டாள். மதரிடமும் நானே போய்ச் சொன்னேன்.

இப்போது ஆய்வுக்கூடத் தொட்டியின் மேல் ஓர் அட்டை தொங்குகிறது: "சோடியம் ஒட்டிய தாளை இங்கே போடாதீர்கள்." எழுதியது நான்தான். பட்டாணியில் பாதி ஏன் போதும் என்று இனி எவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.