காக்காவின் அட்டையும் உம்மாவின் வரிசையும்

சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் அன்று இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று மிக நீளமானது. பட்டைகளால் ஆறேழு மடிப்புகளாக வளைத்து விடப்பட்டிருந்தது. மற்றொன்றில் பதினைந்து பேர்கூட இல்லை. எங்கள் காக்காவின் கையிலிருந்த அட்டை அந்தச் சிறிய வரிசைக்குரியது. எங்களிடம் அது இல்லை; எழுபத்தொரு வயதான, முழங்கால் வலியோடு நின்றுகொண்டிருந்த உம்மாவிடமும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த தவறு ஒன்றையும், அதன் பின் பல நாள் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

காக்கா சிங்கப்பூர் சென்று இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் மதினியோடும் பிள்ளைகளோடும் கப்பலில் மூன்று இரவு, நான்கு இரவு சென்று வருவது அவர் வழக்கம். இப்போது பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். "உம்மாவை ஒருமுறை கப்பலில் அழைத்துப் போக வேண்டும், இன்ஷா அல்லாஹ், எல்லோருக்கும் நானே பயணச்சீட்டு எடுக்கிறேன்" என்று சென்ற ஆண்டு சொன்னார். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட், மீண்டும் சிங்கப்பூர், நான்கு இரவுகள். ஆறு பேர், மூன்று அறைகள். காக்காவும் மதினியும் ஓர் அறை. லாத்தாவும் மச்சானும் ஓர் அறை. உம்மாவும் நானும் ஓர் அறை. என் மனைவி பிள்ளைகளின் தேர்வுக்காக ஊரிலேயே தங்கிவிட்டாள்.

கப்பலில் சூதாட்டக் கூடமும் மதுக்கூடமும் உண்டே, அதில் ஏறலாமா என்ற கேள்வியை எங்கள் வீட்டிலும் பேசினோம். அது தனியே எழுத வேண்டிய செய்தி. அவை இருந்த தளத்தின் பக்கமே நாங்கள் போகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த அட்டை எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் திரும்பத் திரும்பச் செல்வோருக்குப் புள்ளிகள் சேரும். எடுத்துக்காட்டாக, ராயல் கரீபியன் நிறுவனத்தில் பொதுவாக ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறையானால் இரண்டு. 3 புள்ளிகளில் கோல்டு, 30இல் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டயமண்ட் என்று படிகள் உயரும். முன்னதாகக் கப்பலேறுவது, தனி ஓய்வுக்கூடம், இலவச பானங்கள் எனச் சலுகைகளும் படிக்கேற்ப வளரும். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். இங்கே 'குடும்பம்' என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்து ஒரே முகவரியில் வாழும் பிள்ளைகள், அவ்வளவே. தாய் அதில் இல்லை. உடன்பிறந்தாரும் இல்லை.

கீழக்கரைக்காரர்களுக்கு இந்த வரையறை விசித்திரமாகத்தான் தோன்றும். நம் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறார். எங்கள் லாத்தாவும் மச்சானும் உம்மாவோடு ஒரே கூரையின் கீழ்தான் வாழ்கிறார்கள். சம்பாதிக்கும் ஆண்மக்கள் கடல் கடந்து இருப்பார்கள். அவர்கள் அனுப்புவதில் மூன்று அடுப்பு எரியும். எது ஒரு குடும்பம், எங்கே அதன் முகவரி என்று எந்தக் கப்பல் நிறுவனத்தாலும் நம் ஊரைப் பார்த்து எழுதிவிட முடியாது. காக்காவின் மனத்தில் இருந்ததும் இதுதான். "என் உம்மா என் குடும்பம் இல்லையென்றால் வேறு யார்?" என்று அவர் கேட்டபோது எனக்கும் பதில் இல்லை.

ஆகவே பயணத்துக்கு முதல் நாளே ஏற்பாடு முடிந்துவிட்டது. அறுவரும் காக்காவோடு சிறிய வரிசையில் நிற்பது. கேட்டால் எல்லோரும் அவர் வீட்டில் இருப்பவர்கள், பக்கத்துப் பக்கத்து அறை என்று சொல்லிக்கொள்வது. கப்பல் மாலையில்தான் புறப்படும். நாம் ஒரு மணி நேரம் முன்னே ஏறினால் யாருக்கு நட்டம் என்றார். நானும் தலையாட்டினேன்.

வரிசையின் முகப்பில் நின்ற பெண் காக்காவின் அட்டையைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: இவர்கள் எல்லோரும் உங்கள் அறையினரா? காக்கா ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நிரப்பியது நான்தான். "ஆமாம், ஒரே வீடு" என்றேன். பொய்யைச் சொல்வது எவ்வளவு இலகுவாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பெண் தமிழர் என்பது எனக்குத் தெரியாது. அவர் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. தமிழிலேயே கேட்டார்: "அம்மா, நீங்க இவங்களோட ஒரே ரூமா?"

"இல்லம்மா" என்றார் உம்மா. "நான் சின்னவன் கூட. பெரியவனும் மருமகளும் வேற ரூம்பு."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அட்டைக்குரிய இருவர் மட்டும் இந்த வழியில் போகலாம் என்று காக்காவிடம் மென்மையாகச் சொன்னார். பிறகு உம்மாவிடம் குனிந்து, "கால் வலிக்குதாம்மா? சக்கர நாற்காலி இருக்கு. பெரியவங்களுக்கு எல்லாருக்கும் உண்டு. கூட ஒருத்தர் வரலாம்" என்றார். நாற்காலி வந்தது. லாத்தா உம்மாவோடு சென்றார். உம்மாவுக்கு வேண்டியிருந்த வழி முதலிலிருந்தே திறந்துதான் இருந்திருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தால் வாசலிலேயே நாற்காலி காத்திருக்கும். நாங்களோ கேட்க வேண்டியதைக் கேட்காமல், சொல்லக்கூடாததைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

காக்கா தன் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். சிறிய வரிசையை விட்டு வெளியே வந்து, எங்களோடு நீண்ட வரிசையில் நின்றார். மதினியும் வந்தார். ஐம்பது நிமிடங்கள். காக்கா என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மதினிதான் கைப்பையிலிருந்து ஊர்த் தொதலை எடுத்து, முன்னே நின்ற மலாய்க் குடும்பத்தின் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்கள் அதை 'டோடோல்' என்று உடனே கண்டுகொண்டு சிரித்தார்கள். அந்த வரிசையில் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அன்றிரவு காக்கா மனம் விட்டுப் பேசினார். கோபம் என் மீது அல்ல. உம்மா மீதும் அல்ல. "இருபத்தாறு வருஷம், தம்பி. உம்மா இங்கே வரும்போது எல்லாரும் எழுந்து வழி விடணும்னு எனக்கு ஓர் ஆசை. அது ஒரு அட்டைதான், தெரியும். ஆனா நான் சேர்த்து வச்சதுல உம்மாகிட்ட காட்டுறதுக்குன்னு இருந்தது அதுதான்." அவர் கண் கலங்கியதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

தாயை முன்னே நிறுத்த நினைப்பது தவறா? தன்னைவிடப் பிறரை முற்படுத்துவதை ஈஸார் என்கிறோம். மதீனத்து அன்ஸாரிகளைக் குர்ஆன் புகழ்வது அதற்காகத்தான். வணக்கங்களில், முதல் ஸஃப்பை விட்டுக்கொடுப்பது போன்றவற்றில், ஈஸார் விரும்பத்தகாதது என்பதும், மற்ற காரியங்களில் அது விரும்பத்தக்கது என்பதும் நம் ஷாஃபிஈ நூல்களில் உள்ள விதி. கப்பல் வரிசை வணக்கமன்று. ஆகவே காக்கா தன் முன்னுரிமையை உம்மாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அது அழகுதான். ஆனால் நாங்கள் செய்ய முயன்றது அதுவா? காக்கா தன் இடத்தை விடவில்லை. தன் இடத்தையும் வைத்துக்கொண்டு, எங்கள் நால்வருக்கும் இன்னும் நான்கு இடங்களை எடுக்கப் பார்த்தோம். அந்த நான்கு இடங்கள் காக்காவுடையவை அல்ல. யாருக்கு நட்டம் என்று கேட்டோமே, கைக்குழந்தைகளோடு நீண்ட வரிசையில் நின்றவர்களுக்குத்தான்.

நபி (ஸல்) அவர்களிடம் ஒருமுறை பானம் கொண்டுவரப்பட்டது. அருந்திய பின் பார்த்தால் வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். வலப்பக்கத்தவருக்கே முறை. முதியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டுமா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். நபியவர்கள் பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். புகாரியில் வரும் இந்தச் செய்தியைச் சிறுவயதில் மதரஸாவில் கேட்டபோது, அந்தச் சிறுவரின் அன்பைப் பற்றிய செய்தி என்றே எண்ணியிருந்தேன். முதியவர்களை மதிப்பதற்காகவும்கூட, ஒரு குழந்தையின் முறையை அவர் சம்மதமின்றி எடுக்கவில்லை என்பது அந்த முனையத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

ஊர் திரும்பியபின் எங்கள் தெரு ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "விருந்துப் பாடத்தில் இது இருக்கிறதே" என்றார். விருந்தாளி தன் முன் வைக்கப்பட்டதை உண்ணலாம். ஆனால் வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்று தெரியாமல் அதை யாசகருக்கோ பூனைக்கோகூடக் கொடுக்கக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஏனெனில் அவ்வுணவு அவர் உண்ண அனுமதிக்கப்பட்டது. விருப்பம்போல் கையாளத் தரப்பட்டதன்று. விருந்தாளிகள் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்காரர் சிலருக்கு உயர்ந்த உணவும் சிலருக்குச் சாதாரண உணவும் என்று வேறுபடுத்தி வைத்திருந்தால், உயர்ந்தது கிடைத்தவர் அதை மற்றவருக்கு மாற்றித் தரலாகாது. ஒரே சஹனில் நால்வர், ஐவர் கை வைத்து உண்டு பழகிய நமக்கு இது சற்றுக் கடினமாகத் தோன்றும். சஹனில் வேறுபாடு இல்லையல்லவா. அதனால் கேள்வியும் எழுவதில்லை. கப்பலில் வேறுபாடுதான் வணிகம்.

அதே சட்டத்தில் திறந்த வாசலும் இருக்கிறது: வீட்டுக்காரருக்குச் சம்மதமென்றால் ஆகும். காக்கா அதை ஆலிமிடம் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் நாள் காலை, உறுப்பினர்களைக் கவனிக்கும் அலுவலரிடம் போய், என் தாயை ஒருமுறை ஓய்வுக்கூடத்துக்கு அழைத்து வரலாமா என்று நேரடியாகக் கேட்டார். கூட்டமில்லாத நேரம், ஒருமுறை, தாராளமாக என்றார் அந்த அலுவலர். காலையில் அங்கே காப்பியும் தேநீரும்தான். உம்மா கண்ணாடிச் சுவரருகே அமர்ந்து அரைக் கோப்பை தேநீர் குடித்துவிட்டு, கீழே கிடைக்கிற தேநீரே மேல் என்றார். காக்கா அதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறைகளைப் பிரித்த விதத்திலும் எங்களுக்கு அறிவு போதவில்லை. உறுப்பினரோடு ஒரே அறையில் தங்குபவர் உடன் ஏறலாம் என்பது நாங்கள் சென்ற நிறுவனத்தின் விதி. காக்காவும் உம்மாவும் ஓர் அறை; அதே முகவரியால் அதே படியில் இருக்கும் மதினியும் லாத்தாவும் ஓர் அறை; மச்சானும் நானும் ஓர் அறை என்று எடுத்திருந்தால், மஹ்ரம் முறைக்கும் பழுதில்லை; விதிக்கும் பழுதில்லை. நானும் மச்சானும் மட்டும் நீண்ட வரிசையில் நின்றிருப்போம். அதில் நியாயமும் இருந்திருக்கும். 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியதால் நம் ஊரார் பலர் இப்படிப் போக நினைக்கிறார்கள். சீட்டு எடுக்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறைப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னால் உணவு மேசை ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் அந்த இணைப்பால் முன்னுரிமை பரவுவதில்லை.

எங்கள் ஊருக்குக் கப்பல் புதிதன்று. வள்ளல் சீதக்காதி கப்பல் உடையவராக வாழ்ந்த ஊர் இது. ஆனால் எங்கள் வீட்டுக் கதை அவ்வளவு உயரமானதன்று. உம்மாவின் வாப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாவில் பினாங்கு போனவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இங்கும் அங்குமாக ஓடியது. அறை எடுத்தவர்கள் சிலர். ஆயிரக்கணக்கானோர் தளத்துப் பயணிகள். முதலில் ஏறுபவர் நிழலான இடத்தில் பாய் விரிப்பார். ஒருவர் முன்னால் ஓடி, பின்னால் வரும் பத்துப் பேருக்கும் பாய் விரித்துவிடுவதும் உண்டாம். அதனால் சண்டை மூளுமாம். தம் பாயை மட்டும் விரித்துக்கொண்டு, இரவில் யாராவது குழந்தையோடு நின்றால் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இதை உம்மா எங்களிடம் கப்பலில்தான் முதன்முதலாகச் சொன்னார். அறிவுரையாகச் சொல்லவில்லை, கடலைப் பார்த்ததும் நினைவு வந்தது, சொன்னார்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் கப்பல் அணைந்தது. இறங்குவதற்கும் காக்காவின் அட்டைக்குத் தனி வழி இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உம்மாவின் செருப்பை எடுத்துக் காலருகே வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரோடும் இறங்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போனோம். 1801இல் நம் தமிழ் முஸ்லிம்களின் முன்னோர் எழுப்பிய பள்ளி. லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். தொழுது வெளியே வந்தபோது, வாப்பா இறங்கிய இடம் இதுதானா என்று உம்மா கேட்டார். காக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சூலியா தெருவின் முனையில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, உம்மா சற்று நேரம் துறைமுகத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.