விடியுமுன் ஓடும் பையன்

காலை ஐந்தே முக்கால். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் விளையாட்டரங்கைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சமையலறை விளக்குகள் எரிகின்றன. தடத்தில் நடக்க வருகிறவர்களை இந்த இருட்டில் நடையை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். வேகமாகக் கைவீசுகிற சீன அம்மா, காலை இழுத்து நடக்கிற மலாய்ப் பெரியவர், அவர்களுக்கு நடுவே ஓடுகிற அந்தப் பையன்.

பதினைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு, நீளமான கால்கள். ஓடப் பிறந்தவன் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் ஓடும்போது தோள்கள் இறுகி மேலே ஏறி நிற்கின்றன. வளைவில் பாதம் தரையைத் தேய்க்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முழங்காலில் கையூன்றிக் குனிகிறான். மூச்சிரைப்புக்கு நடுவே கொட்டாவியும் வருகிறது.

படிக்கட்டில் அவன் தாத்தா. நெற்றியில் திருநீறு, மடியில் பேரனின் பள்ளிப் பை, கையில் மைலோ ஊற்றிய குடுவை. "தூக்கி ஓடுப்பா, காலைத் தூக்கி ஓடு." அதட்டல் இல்லை, கெஞ்சல்தான். ஓட்டம் முடிந்ததும் அவரே குனிந்து பேரனின் காலணி முடிச்சை அவிழ்க்கிறார். பையன் மைலோவைக் குடித்தபடி கண்ணை மூடுகிறான். கோப்பை கையில் சாய்கிறது. தாத்தா அதைப் பிடித்துக்கொள்கிறார்.

ஒரு சனிக்கிழமை பள்ளியின் கோச் வந்திருந்தார். தடத்தோரம் மூவரும் நின்று பேசியது நடந்துகொண்டிருந்த என் காதிலும் விழுந்தது.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குறான் ஐயா?"

"டியூஷன் விட்டு வந்து, ஹோம்வொர்க் முடிச்சு, பன்னெண்டு ஆயிடும் தம்பி."

"எந்திரிக்கிறது?"

"அஞ்சு மணிக்கு நான்தான் எழுப்புறேன். ஒருநாள் தவறினதில்ல." பெரியவர் குரலில் பெருமிதம்.

கோச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பணிவாகச் சொன்னார்: "நீங்க எழுப்பாம விட்டாத்தான் ஐயா இவன் ஓடுவான்."

தாத்தாவின் முகம் சுருங்கியது. குணாளன் ஓடிய காலத்தைப் பார்த்த தலைமுறை அவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சி. குணாளன் நூறு மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டு நின்றது. 2001இல் யு. கே. ஷியாம் 10.37இல் ஓடி அதை முறியடித்தார். வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை வியர்வையால்தான் வாங்க முடியும் என்று நம்பி வளர்ந்தவரிடம், தூக்கத்தாலும் வாங்கலாம் என்றால் எளிதில் ஏற்க மனம் வருமா?

ஆனால் கோச் சொன்னதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செரி மா என்ற ஆய்வாளர் 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரம்வரை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார். 2011இல் அந்த முடிவுகள் வெளியாயின. ஏறத்தாழ 86 மீட்டர் ஓட்டத்தில் அவர்களின் சராசரி நேரம் 16.2 வினாடியிலிருந்து 15.5 ஆகக் குறைந்தது. பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் ஒன்பது விழுக்காடு கூடியது. ஆய்வு சிறியதுதான். என்றாலும் அது காட்டும் திசை தெளிவானது.

காரணம் உடலுக்குள்ளே இருக்கிறது. ஓடும்போது தசை வலுப்பெறுவதில்லை. நுண்ணிய அளவில் சேதமடைகிறது. அதைச் செப்பனிட்டு முன்னிலும் உறுதியாக்குகிற வேலை ஓய்வில் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். கோச் அன்று கற்றுக்கொடுத்த கையசைவையும் காலடியையும் மூளை பதியவைத்துக்கொள்வதிலும் உறக்கத்துக்குப் பங்கு உண்டு. பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இந்தப் பையனுக்குக் கிடைப்பது ஐந்து. தேய்மானம் தினமும் நடக்கிறது, செப்பனிடத்தான் நேரமில்லை.

அவன் சோம்பேறி இல்லை. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது. அதோடு நம் ஊர்க் கடிகாரமும் அவனுக்கு எதிராக நிற்கிறது. 1982 புத்தாண்டு நாளில் மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. ஏற்கெனவே இருந்த வித்தியாசமும் சேர, சூரியனின் கணக்கைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே நாம் முந்தி வாழ்கிறோம். பொழுது விடிய ஏழு மணி ஆகிறது. தாத்தா ஐந்து மணிக்கு எழுப்பும்போது பையனின் உடலுக்கு அது நள்ளிரவு தாண்டி நான்கு மணி.

அந்த உடலின் கணக்கை மதித்த பள்ளியும் இங்கே உண்டு. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் காலை 7.30க்குத் தொடங்குவதை 8.15க்கு மாற்றியது. மாணவிகளின் தூக்கம் கூடியது. பகலில் தூங்கி வழிவது குறைந்தது. தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் பதின்ம வயதினரை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. அடுத்து இரண்டு இரவு நன்றாகத் தூங்கிய பிறகும் அது முழுதாக மீளவில்லை. சனி, ஞாயிறில் தூங்கிச் சரிக்கட்டலாம் என்று எண்ணுகிற பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வாரநாள் விடியலில் பையனைக் காணவில்லை. தாத்தா மட்டும் வந்தார். பழக்கம் விடாதவராய் மெதுவாக இரண்டு சுற்று நடந்தார். தெரிந்தவர் ஒருவர் "பேரன் எங்கே?" என்று கேட்டதற்கு, "தூங்குறான், கோச் சொல்லியிருக்காரு" என்றார், உடம்புக்கு முடியாதவனைப் பற்றிச் சொல்வது போன்ற தயக்கத்தோடு. வாரங்கள் போகப் போக அந்தத் தயக்கம் குறைந்தது. "ஒன்பதரைக்கே போனை வாங்கி வச்சிடுறேன்" என்று அவராகவே சொல்லத் தொடங்கினார்.

இப்போது பையன் மாலையிலும் சனிக்கிழமையிலும் ஓடுகிறான். தோள்கள் இறங்கியிருக்கின்றன. வளைவில் பாதம் தேய்க்கவில்லை. ஓடி முடித்ததும் குனிவதற்குப் பதிலாகத் திரும்பி, கோச்சின் கையிலுள்ள கடிகாரத்தைப் பார்க்கிறான். பதக்கம் வருமா என்று நான் அறியேன். காயமில்லாமல், களைப்பில் வெறுத்துப்போகாமல், அவன் இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டும். அதுதான் என் ஆசை.

பிள்ளைகளுக்கு நல்ல காலணி, நல்ல கோச், நல்ல சத்துணவு என்று தேடித் தேடிக் கொடுக்கிறோம். காசில்லாமல் கிடைக்கிற தூக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வீடும் பயிற்சி அட்டவணை எழுதும்போது, எத்தனை சுற்று என்பதற்கு மேலே, முதல் வரியாக, படுக்கும் நேரத்தை எழுத வேண்டும். அந்த வரிக்குக் காவல் இருக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.